நூலகத் தவணைத் தேதியும் விடுமுறை நாட்களும்

நூலகத்திலிருந்து இரவல் பெறும் புத்தகத்தில் ஒரு தேதிச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதில் பதிக்கப்படும் தேதி, வாசகருக்கும் நூலகத்திற்கும் இடையே ஏற்படும் ஒரு சிறு ஒப்பந்தம் எனலாம். அத்தேதிக்குள் புத்தகத்தைத் திருப்பித் தருவதாக வாசகர் ஒப்புக்கொள்கிறார். அத்தேதியில் அதனைப் பெற்றுக்கொள்வதாக நூலகமும் ஒப்புக்கொள்கிறது. ஒப்பந்தத்தின் இந்த இரண்டாவது பகுதியை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. சீட்டில் குறித்த தேதியில் நூலகத்தின் கதவு பூட்டியிருந்தால் ஒப்பந்தத்தை மீறியவர் யார்? மறுநாள் புத்தகத்துடன் வரும் மாணவரிடம் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம் கேட்பது முறையாகுமா?

கையால் முத்திரையிட்ட காலத்தில் இவ்வினா அரிதாகவே எழுந்தது. நம் நாட்டு நூலகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த பிரௌன் முறையை இங்கு நினைவுகூரலாம். அமெரிக்க நூலகரான நினா பிரௌன் என்பவர் வகுத்த இம்முறையில், வாசகருக்குச் சிறு உறை போன்ற சீட்டுகள் வழங்கப்படும். புத்தகம் இரவல் தரப்படும்போது அதன் அட்டை அவ்வுறைக்குள் செருகப்பட்டு, தவணைத் தேதிவாரியாக ஒரு தட்டில் அடுக்கப்படும். காலையில் கவுண்டரைத் திறக்கும் உதவியாளர், அன்றைய இரவலுக்கு உரிய தவணைத் தேதி வருமாறு ரப்பர் முத்திரையைத் திருப்பி வைப்பார். அத்தேதி ஒரு பண்டிகை நாள் என்று சுவரிலுள்ள நாட்காட்டி காட்டினால், முத்திரையை ஒரு நாள் தள்ளி வைப்பார். இதற்காக அவர் எந்த விதிப்புத்தகத்தையும் புரட்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்டதும் இல்லை. விதி அவருடைய கைப்பழக்கத்தில் இருந்தது.

கணிப்பொறிக்குக் கைப்பழக்கம் கிடையாது. ‘பதினான்கு நாள்’ என்று சொன்னால் அது பதினான்கைக் கூட்டும். கூட்டி வந்த நாளில் கதவு திறந்திருக்குமா என்று பார்க்காது. பார்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பது, மூடிய நாளாயின் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். உதவியாளர் ஒருவர் ஓசையின்றிச் செய்துவந்த ஒரு முடிவை, நூலகக் குழு கூடி எழுத்தில் வடிக்க வேண்டிய நிலை இங்ஙனம் உருவாயிற்று. எழுத்தில் வடிக்கத் தொடங்கியபோதுதான், அம்முடிவு ஒன்றன்று, பல என்பது புலனாயிற்று.

ஐதராபாத்தின் நாட்காட்டி

இச்சிக்கலை ஐதராபாத் நகரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாக இருக்கும். 1891-இல் தோன்றிய ஆசஃபியா நூலகமே இன்று அப்சல்கஞ்சில், மூசி ஆற்றின் கரையில், மாநில மைய நூலகமாக விளங்குகிறது. தெலுங்கு வாசகர்களுக்காக 1901-இல் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் தொடங்கப்பட்டது. 1955-இல் ஐதராபாத் மாநிலத்திற்கெனப் பொது நூலகச் சட்டம் வந்தது. 1960-இல் ஆந்திரப் பிரதேசத்திற்கான பொது நூலகச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கும் ஏற்பாடு இச்சட்டத்தின் வழி வந்ததாகும். பொது நூலகத்தின் வாசகர் இலவச விருந்தாளி அல்லர். நூலகத்தைத் தாங்கி நிற்கும் வரியைச் செலுத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிக்கட்பள்ளியிலுள்ள நகர மைய நூலகத்தில் போட்டித் தேர்வுகளுக்காகக் காலை முதல் இரவு வரை அமர்ந்து படிக்கும் இளைஞர்களைக் கண்டவர்களுக்கு, அங்கு ஒரு புத்தகம் ஒரு நாள் முன்னதாகத் திரும்பி வருவதும் பின்னதாகத் திரும்பி வருவதும் என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நகரில் நாட்காட்டி எப்போதுமே எளிதாக இருந்ததில்லை. நிஜாம் ஆட்சியில் அலுவல் நாட்காட்டியாகப் பசலி ஆண்டு வழங்கியது. தமிழ்நாட்டு வருவாய்த் துறை அலுவலர்கள் பசலியை இன்றும் கிராமக் கணக்குகளின் வழியே அறிவார்கள். ஐதராபாத்திலோ அது அரசாங்கத்தின் முழு ஆண்டுக் கணக்காகவே இருந்தது. சமய நாட்கள் ஹிஜ்ரி ஆண்டையும் பஞ்சாங்கத்தையும் பின்பற்றின. ஆங்கில நாட்காட்டி மூன்றாவதாக வந்து சேர்ந்தது. இன்று அலுவல் நாட்காட்டி ஒன்றே. ஆயினும் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் பழைய மூன்றும் அதில் ஒளிந்திருப்பதைக் காணலாம்.

ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, தெலங்கானா மாநிலம் உருவான ஜூன் 2 ஆகியவை தேதி மாறாதவை. இவற்றை மென்பொருளில் ஒருமுறை பதித்துவிட்டால் ஆண்டுதோறும் தாமே வரும். உகாதி, போனாலு, பதுகம்மா, தசரா ஆகியவை பஞ்சாங்கத்தின்படி இடம் மாறுபவை. ரம்ஜான், பக்ரீத், மொஹரம், மீலாது நபி ஆகியவை பிறை பார்த்து முடிவாகின்றன. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. ஆகவே இவை ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னதாக நகர்ந்துகொண்டே இருக்கும். 2000-ஆம் ஆண்டில் ரம்ஜான் பண்டிகை ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையுமாக இருமுறை வந்தது. ‘ஒரு பண்டிகைக்கு ஆண்டுக்கு ஒரு தேதி’ என்று அட்டவணை அமைத்த மென்பொருள் அத்தகைய ஆண்டில் இரண்டாவது தேதியைப் பதிக்க இடமின்றித் தவிக்கும். பண்டிகையின் பெயரை அடிப்படையாகக் கொள்ளாமல், நாளை அடிப்படையாகக் கொண்டு அட்டவணை அமைப்பதே சரியான வழி.

இவற்றோடு ஈடுசெய்யும் வேலை நாட்களும் உண்டு. 2024 ஜனவரி முதல் நாளைத் தெலங்கானா அரசு பொது விடுமுறையாக்கியபோது, அதற்கு ஈடாகப் பிப்ரவரி 10-ஆம் நாளான இரண்டாம் சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17-இல் விநாயகர் சிலைகளைக் கரைக்கும் ஊர்வலத்திற்காக ஐதராபாத் நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் விடுமுறை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 9-ஆம் நாள், அதுவும் இரண்டாம் சனிக்கிழமை, வேலை நாளாயிற்று. இந்த ஓர் அறிவிப்பில் மென்பொருள் எழுதுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று அடங்கியுள்ளன. விடுமுறை ஆண்டின் நடுவில் வரக்கூடும். அது மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இல்லாமல் சில மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடும். வழக்கமாக மூடியிருக்கும் நாள் ஒன்று திடீரெனத் திறந்த நாளாகவும் மாறக்கூடும். ஆகவே நாட்காட்டி ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். ‘விடுமுறை’ என்ற பதிவு மட்டுமன்றி, ‘விடுமுறைக்கு விலக்கு’ என்ற பதிவுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

அரசாணையின் பட்டியலை அப்படியே எடுத்துப் பதிப்பதும் ஆபத்தே. அது அலுவலகங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல். ஞாயிற்றுக்கிழமையில் வரும் பண்டிகையால் அலுவலகத்திற்கு எவ்வித மாற்றமும் இல்லை. ஆனால் வாசகர்கள் ஓய்வாக வரும் ஞாயிறன்று திறந்து, வேறொரு கிழமையில் மூடும் நூலகங்கள் நம் நாட்டில் பல உண்டு. அவற்றிற்கு அந்த ஞாயிறு முக்கியமானது. விருப்ப விடுமுறை நாட்களிலோ ஊழியர் சிலர் விடுப்பில் இருப்பார்களே தவிர, நூலகம் திறந்தே இருக்கும். அதையும் மூடிய நாளாகப் பதிந்துவிடுபவர்கள் உண்டு. நாட்காட்டியில் பதிக்க வேண்டியது, கதவு திறந்திருக்குமா என்ற ஒரே ஒரு செய்தியைத்தான்.

நான்கு விடைகள்

நூலக மென்பொருளில் ஐதராபாத்திற்குச் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. அந்நகரின் வீரஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனமும், நம் நாட்டின் முதல் தேசிய நூலகரான பி.எஸ். கேசவன் பெயரால் அமைந்த கேசவன் நிறுவனமும் இணைந்து ‘நியூஜென்லிப்’ என்னும் மென்பொருளை உருவாக்கின. 2005-இல் வெளிவந்த அது, 2008 ஜனவரியில் எவரும் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக்கப்பட்டது. தேசியத் தகவலியல் மையத்தின் ‘இ-கிரந்தாலயா’வும், பல்கலைக்கழகங்களுக்கான இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோல்’ மென்பொருளும் அரசுத் துறையிலிருந்து வந்தவை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அமைப்பிற்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பயன்பாட்டிற்கு வந்த ‘கோஹா’ இன்று நம் நாட்டு நூலகங்களிலும் பரவியுள்ளது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். தவணைத் தேதி பற்றிய வேறுபட்ட கொள்கைகளைத் தனித்தனியே பெயரிட்டு, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பை நூலகத்திடமே கோஹா விட்டுவிடுவதால், நமது ஆய்வுக்கு அதன் வகைப்பாடு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வெள்ளிதோறும் மூடப்படுவதும், அரசுப் பொது விடுமுறைகளைப் பின்பற்றுவதும், இரண்டாம் சனிக்கிழமைகளில் திறந்திருப்பதுமான ஒரு நூலகம் ஐதராபாத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவல் காலம் 14 நாட்கள். ஒரு மாணவி 2023 டிசம்பர் 31, ஞாயிறன்று ஒரு புத்தகம் பெறுகிறாள். இரவல் பெற்ற நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவணைத் தேதி என்ன?

நாட்காட்டியைப் பாராமல் நேராக எண்ணினால் 2024 ஜனவரி 14, ஞாயிறு வருகிறது. அன்று போகி, நூலகம் மூடியிருக்கும். மறுநாள் சங்கராந்தி, அன்றும் மூடியிருக்கும்.

நேராக எண்ணி, முடிவு நாள் மூடிய நாளாயின் அடுத்து வரும் திறந்த நாளுக்குத் தள்ளுவது இரண்டாவது முறை. இதன்படி ஜனவரி 16, செவ்வாய் தவணைத் தேதியாகும். அன்று கனுமா; விருப்ப விடுமுறையே ஆதலால் நூலகம் திறந்திருக்கும்.

மூன்றாவது முறை திறந்த நாட்களை மட்டுமே எண்ணுவது. ஜனவரி 1, வெள்ளிக்கிழமைகளான 5, 12, 19, பண்டிகை நாட்களான 14, 15 ஆகியவற்றை விட்டுவிட்டு எண்ணினால் பதினான்காவது திறந்த நாள் ஜனவரி 20, சனிக்கிழமை.

நான்காவது முறை கிழமையை மாற்றாமல் தள்ளுவது. இரவல் காலம் ஏழின் மடங்காக இருந்தால், ஞாயிறன்று தந்த புத்தகம் ஒரு ஞாயிறன்றே திரும்ப வேண்டும் என்பது இதன் கருத்து. ஜனவரி 14 மூடியிருப்பதால் அடுத்த ஞாயிறான 21-ஆம் தேதிக்குத் தவணை செல்லும்.

ஒரே மாணவி, ஒரே புத்தகம், ஒரே விதி, விடைகள் நான்கு! 14, 16, 20, 21 என்ற இத்தேதிகளுள் எதையும் ‘கணக்குப் பிழை’ என்று ஒதுக்க முடியாது. கணிப்பொறி நான்கையும் பிழையின்றியே கணக்கிட்டது. எது வேண்டும் என்பதை நாம் சொல்லவில்லை என்பதே குறை. மென்பொருளை நிறுவ வந்த பொறியாளர் ஏதேனும் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுப் போக, ஆண்டுக்கணக்கில் அதுவே நூலகத்தின் கொள்கையாக நிலைத்துவிடுவது விரும்பத்தக்கதன்று.

எது தக்கது?

தவணை முடியும் நாளில் கதவு மூடியிருந்தால் என்ன செய்வது என்ற வினாவை நமது சட்டங்கள் நெடுநாட்களுக்கு முன்பே சந்தித்துள்ளன. அலுவலர்கள் நன்கறிந்த 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, குறித்த காலத்திற்குள் ஒரு நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயலுக்கு, அக்காலத்தின் இறுதி நாளில் அவ்விடம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் நீதிமன்ற வழக்குகளுக்கு இதே நெறியைக் கூறுகிறது. ஆனால் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் எதிர்த்திசையில் செல்கிறது. கடன் பத்திரமோ உண்டியலோ முதிரும் நாள் பொது விடுமுறையாயின், அதற்கு முந்திய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் 25-ஆம் பிரிவு. பணம் பெற வேண்டியவர் காத்திருக்கக் கூடாது என்பது அங்கே நோக்கம்.

நூலகம் எந்த நெறியைப் பின்பற்றுவது? இச்சட்டங்கள் நூலக விதிகளை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன என்று கூற வரவில்லை. அவற்றின் பின்னுள்ள நியாயத்தையே எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தைப் பெற வேண்டிய இடம் மூடியிருப்பது வாசகரின் குற்றமன்று. ஆகவே பின்தள்ளுவதே முறை. முன்தள்ளினால், பதினான்கு நாள் என்று அறிவித்துவிட்டுப் பதின்மூன்று நாளில் புத்தகத்தைக் கேட்பதாக முடியும். அறிவித்த காலத்தைக் குறைப்பதற்கு நூலகத்திற்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு கூறலாம். கல்லூரி நூலகத்தில் பருவ இறுதி விடுமுறை தொடங்கும் முன் எல்லாப் புத்தகங்களும் வந்து சேர வேண்டும் என்றால், தவணைத் தேதிக்கு ஓர் உச்ச வரம்பை முன்னரே அறிவித்து, அதற்கு மேல் போகாதபடி மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம்.

திறந்த நாட்களை மட்டும் எண்ணும் மூன்றாவது முறை பார்வைக்குத் தாராளமானது. ஆனால் அத்தாராளம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த வாசகரின் கணக்கிலிருந்து செய்யப்படுவது. மூடிய நாட்களில் வாசகர் புத்தகத்தைப் படிக்காமல் இருப்பதில்லை. உண்மையில் விடுமுறையில்தான் மிகுதியாகப் படிக்கிறார். தசராவை ஒட்டிப் பள்ளி நூலகம் இரண்டு வாரம் மூடினால், பதினான்கு நாள் இரவல் நான்கு வார இரவலாக நீண்டுவிடும். ஒரே பாடநூலின் சில பிரதிகளை நூற்றுக்கணக்கான மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் நமது நிலையில் இது சிறிய விஷயமன்று. ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் அவ்விதியின் கீழேயே அவர் விவாதித்தார். படித்து முடித்த புத்தகம் ஒரு வீட்டு அலமாரியில் தங்குவதும், வேண்டுபவர் ஒருவர் வெறுங்கையுடன் திரும்புவதும் அந்த முதல் விதிக்கே மாறானவை.

இரண்டாவது முறையே பொது நூலகங்களுக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்கும் ஒரு குறை உண்டு. நூலகம் தொடர்ந்து பத்து நாட்கள் மூடியிருந்தால், அப்பத்து நாட்களின் தவணைகள் அனைத்தும் திறக்கும் முதல் நாளில் வந்து குவியும். அன்று கவுண்டரில் நிற்கும் வரிசையைக் கண்டு, புத்தகத்துடன் வந்தவர் திரும்பிப் போனாலும் வியப்பதற்கில்லை. கிழமை மாறாத நான்காவது முறையில் இந்நெரிசல் ஒரு வாரத்தில் பரவி நிற்கும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையன்று மட்டும் ஒவ்வொரு வகுப்பிற்கும் நூலக நேரம் ஒதுக்கும் பள்ளிகளுக்கு அம்முறை மிகவும் பொருந்தும். செவ்வாயன்று நூலகத்திற்கு வரும் வகுப்பிடம் புதன்கிழமையில் புத்தகத்தைக் கேட்பதில் பொருளில்லை.

தாமதக் கட்டணம் என்னும் தனிக் கணக்கு

தவணைத் தேதியைச் சரியாக அமைத்துவிட்டால் கட்டணமும் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். மென்பொருளிலும் அவை பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் அமைக்கப்படுகின்றன. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் விளைவு விந்தையாக இருக்கும்.

நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம் என்று கொள்வோம். தவணை நேராக எண்ணப்பட்டு ஜனவரி 14 என்று பதிந்துள்ளது. மாணவி, நூலகம் திறந்த முதல் நாளான 16-ஆம் தேதி காலையிலேயே புத்தகத்தைத் தருகிறாள். மூடிய நாட்களையும் எண்ணினால் கட்டணம் இரண்டு ரூபாய். மூடிய நாட்களைக் கழித்து எண்ணினால் 15-ஆம் தேதி கழிந்து, 16-ஆம் தேதிக்கு ஒரு ரூபாய். அதாவது, ‘விடுமுறைக்குக் கட்டணம் இல்லை’ என்று பெருமையுடன் அறிவித்த நூலகமும், வரக்கூடிய முதல் நாளில் வந்தவரிடம் ஒரு ரூபாய் வசூலிக்கிறது! இரண்டு கணக்குகளும் நாட்காட்டியைப் பார்த்தால்தான் இது நீங்கும். தொகை சிறிதுதான். ஆனால் நியாயமற்ற முறையில் பெறப்பட்ட ஒரு ரூபாய், நூலகத்தின் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று ஒரு சிறுவனை எண்ணச் செய்யப் போதுமானது.

கழிக்கும் கணக்கில் மற்றொரு பொறியும் உள்ளது. தவணை ஜனவரி 16 என்றும், புத்தகம் 30-ஆம் தேதி திரும்பியது என்றும் கொள்வோம். தாமதம் 14 நாட்கள். இடையே வெள்ளிக்கிழமைகள் இரண்டு: 19, 26. பொது விடுமுறை ஒன்று: குடியரசு நாளான 26. வார விடுமுறையைத் தனியாகவும் பண்டிகை விடுமுறையைத் தனியாகவும் எண்ணிக் கழிக்கும் நிரல், 14-இலிருந்து மூன்றைக் கழித்து 11 என்று கூறும். ஆனால் 26-ஆம் தேதியே ஒரு வெள்ளிக்கிழமை. கழிக்க வேண்டியவை இரண்டு நாட்களே. சரியான விடை 12. இங்கே பிழை வாசகருக்குச் சாதகமாக இருப்பதால் எவரும் முறையிட மாட்டார்கள்; தணிக்கையின்போதுதான் வெளிப்படும். எண்ணிக்கைகளைக் கழிக்காமல், ஒவ்வொரு நாளாக எடுத்து, ‘அன்று கதவு திறந்திருந்ததா?’ என்று கேட்டு எண்ணுவதே பாதுகாப்பானது. சில நாட்களைக் கூடுதலாகச் சரிபார்ப்பது இன்றைய கணிப்பொறிக்கு ஒரு சுமையே அன்று.

நூலக வாயிலில் புத்தகம் இடும் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடிய நாட்களில் பெட்டியில் விழுந்த புத்தகங்களைத் திறந்த நாளில் எடுத்துப் பதியும்போது, கடைசியாக நூலகம் திறந்திருந்த நாளில் திரும்பியதாகவே பதிய வேண்டும். கோஹாவில் இதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு.

அறிவிப்பின்றி வரும் விடுமுறை

இதுவரை கூறியவை முன்னரே தெரிந்த விடுமுறைகளைப் பற்றியவை. 2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இரவலில் இருந்த எல்லாப் புத்தகங்களின் தவணையும் ஒரே நாளில் பொருளற்றுப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபர் நடுவில் ஐதராபாத்தில் பெய்த பெருமழையால் தெருக்களே ஆறுகளாகி, அரசு விடுமுறை அறிவிக்க நேர்ந்தது. ஒரு தலைவரின் மறைவு, தேர்தல், கட்டடத்தில் மின்தடை என்று காரணங்கள் பலவாகலாம்.

இங்குதான் பெரும்பாலான நூலகங்கள் தவறுகின்றன. மூடிய நாளை அன்று காலை நாட்காட்டியில் பதிந்துவிட்டால் போதும் என்று நூலகர் நினைக்கிறார். ஆனால் தவணைத் தேதி, புத்தகம் தரப்பட்ட நொடியில் கணக்கிடப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது. நாட்காட்டியைப் பின்னர் மாற்றினால், அதன் பின் தரப்படும் இரவல்களுக்கே அம்மாற்றம் பயன்படும். ஏற்கெனவே வெளியிலுள்ள புத்தகங்களின் தேதி தானாக மாறாது. 2024 செப்டம்பர் 3-ஆம் தேதி 14 நாள் இரவலாகத் தரப்பட்ட புத்தகத்தின் தவணை செப்டம்பர் 17. அன்று விடுமுறை என்பது புத்தகம் தரப்பட்ட பின் நாட்காட்டியில் ஏறியிருந்தால், சீட்டில் 17 என்றே இருக்கும். அந்நாளில் முடியும் தவணைகளையெல்லாம் திரட்டி, தொகுப்பாக நீட்டிக்கும் தனி வேலை ஒன்றை நூலகர் செய்தாக வேண்டும். இதற்கான கருவி இன்றைய மென்பொருள்களில் கிடைக்கிறது. அதனைப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்புதான் விடுமுறை ஆணையோடு சேர்ந்து வருவதில்லை.

நீட்டிக்கும்போது ஒரு நெறியை விடாமல் காக்க வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்த தேதியைப் பின்னோக்கி நீட்டிக்கலாம். ஒருபோதும் முன்னோக்கி இழுக்கக் கூடாது. ஈடுசெய்யும் வேலை நாள் அறிவிக்கப்பட்டு, மூடியிருக்க வேண்டிய சனிக்கிழமை திறக்கப்பட்டாலும், அதைக் காரணம் காட்டி ஞாயிறு எனக் குறித்த தவணையைச் சனிக்கு மாற்றுவது முறையன்று. வாசகரின் கையிலுள்ள சீட்டே அவருக்குச் சான்று. பழைய தேதி, புதிய தேதி, நீட்டித்த காரணம் ஆகிய மூன்றும் பதிவில் இருந்தால், பின்னர் வரும் தணிக்கைக்கும் வாசகரின் முறையீட்டிற்கும் விடை கூற முடியும்.

பல கிளைகள் கொண்ட நூலக அமைப்பில் யாருடைய நாட்காட்டியைப் பார்ப்பது என்ற வினாவும் எழும். நகரத்துக் கிளையில் பெற்ற புத்தகத்தை, விடுமுறை இல்லாத வேறொரு மாவட்டத்துக் கிளையில் தரலாம் என்றால், எந்தக் கிளையின் கதவு மூடியிருந்தது என்று கொள்வது? புத்தகம் தந்த கிளையின் நாட்காட்டியைக் கொள்வது எளிது; வாசகர் அங்கேயே திரும்ப வருவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. எதைக் கொண்டாலும் எல்லாக் கிளைகளும் ஒன்றையே கொள்ள வேண்டும்.

டிசம்பர் மாதத்து வேலை

நமது எடுத்துக்காட்டில் வந்த மாணவி டிசம்பர் 31-இல் புத்தகம் பெற்றாள் என்பதை நினைவில் கொள்க. அன்று மென்பொருளில் 2023-ஆம் ஆண்டின் பட்டியல் மட்டுமே இருந்திருந்தால், போகியும் சங்கராந்தியும் அதற்குத் தெரிந்திரா. இரண்டாவது முறையைத் தெரிவு செய்த நூலகமும் 14-ஆம் தேதியையே அச்சிட்டிருக்கும். பதினான்கு நாள் இரவல் தரும் நூலகம், அடுத்த ஆண்டின் பட்டியலை டிசம்பர் 17-க்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு மூன்று மாத இரவல் தரும் கல்லூரியாயின் செப்டம்பர் இறுதியிலேயே அடுத்த ஆண்டின் நாட்காட்டி தேவைப்படும். அப்போது அரசாணை வெளிவந்திராது. தேதி மாறாத விடுமுறைகளையும் வார விடுமுறையையும் முதலில் பதிந்து, பஞ்சாங்கத்தின்படி எதிர்பார்க்கும் நாட்களைத் தற்காலிகமாகச் சேர்த்து, ஆணை வந்தவுடன் திருத்துவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. பிறை பார்த்து முடிவாகும் நாட்களுக்கு இத்திருத்தம் கடைசி நாள் வரை தேவைப்படலாம்.

நிரல் எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. அடுத்த திறந்த நாளைத் தேடும் பகுதி, ‘இன்று மூடியிருந்தால் நாளையைப் பார்’ என்று திரும்பத் திரும்பச் செல்வது. புதிய கிளை ஒன்றைத் தொடங்கும் ஊழியர், விவரம் தெரியாமல் வாரத்தின் ஏழு நாட்களையும் மூடியவை என்று குறித்துவிட்டால், அத்தேடல் முடிவே இல்லாமல் ஓடும். கவுண்டரில் திரை உறைந்து நிற்கும். ஓராண்டு வரை தேடியும் திறந்த நாள் கிடைக்கவில்லையெனில் தேடலை நிறுத்தி, நாட்காட்டியைச் சரிபார்க்குமாறு செய்தி காட்டும்படி எழுத வேண்டும். நிரலைச் சோதித்துப் பார்க்க, மேலே கண்ட டிசம்பர் 31-ஆம் தேதி இரவலையும் ஜனவரி 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் கொடுத்துப் பார்க்கலாம். நான்கு முறைகளுக்கும் 14, 16, 20, 21 என்ற விடைகளும், தாமதக் கணக்கிற்கு 12 என்ற விடையும் வர வேண்டும்.